பொன்னியின் செல்வனும் ஒரு வன்னி வாசகியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்கியின் பொன்னியின் செல்வனை நான் பத்துத் தடவைக்கு மேல் வாசித்தவள் என்பது இலங்கையின் வடக்கே வன்னியில் உள்ள எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. ஆகவே அந்த நாவலை வைத்து மணிரத்னம் எடுத்த இரண்டு படங்களும் வந்த நாள் தொடக்கம், என்னிடம் தமிழ் கற்கும் மாணவர்கள், பால் கொண்டுவரும் மாமி, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று யாரைக் கண்டாலும் ஏறத்தாழ ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாசற்படியில் நின்று பதில் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

நாவலையும் படத்தையும் அறியாதவருக்கு அவற்றைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கல்கி என்ற புனைபெயரில் எழுதிய ரா. கிருஷ்ணமூர்த்தி, தம்முடைய வார இதழில் 1950 தொடக்கம் 1954 வரை இந்தக் கதையைத் தொடராக எழுதினார். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என்று அது ஐந்து பாகங்களாக விரிகிறது. பத்தாம் நூற்றாண்டில், சுந்தர சோழர் தஞ்சையில் நோயுற்றிருக்கிறார். அவருக்குப் பின் அரியணை யாருக்கு என்ற கேள்வியைச் சுற்றிச் சிற்றரசர்கள் ஒரு பக்கமும், பாண்டியனைக் கொன்றதற்குப் பழிவாங்கத் துடிக்கும் சதிகாரர்கள் மறுபக்கமும் வலை பின்னுகிறார்கள். இந்த வலைகளுக்கு நடுவே ஓலை சுமந்து ஓடுகிறான் வாணர்குலத்து வந்தியத்தேவன். மூத்த இளவரசன் ஆதித்த கரிகாலன், அவன் தங்கை குந்தவை, பிற்காலத்தில் இராசராசன் ஆகப்போகும் தம்பி அருள்மொழிவர்மன், பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி ஆகியோரே கதையின் தூண்கள்.

படத்தின் முதற்பகுதி 2022 செப்டெம்பர் 30 அன்றும் இரண்டாம் பகுதி 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளியாயின. திரைக்கதையில் மணிரத்னத்துடன் இளங்கோ குமரவேலும் ஜெயமோகனும் பங்கெடுத்தார்கள், உரையாடல் ஜெயமோகனுடையது. இரண்டு பகுதிகளும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணித்தியாலம் ஓடுகின்றன. அச்சில் இரண்டாயிரம் பக்கங்களைத் தாண்டும் கதை அது என்பதை இந்தக் கணக்கோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இதை மாயக்கதை என்று சொல்லலாமா? பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மந்திரக்கோலும் பறக்கும் கம்பளமும் இதில் இல்லை. நூல்நிலையத்தில் இது சரித்திர நாவல் தட்டிலேயே இருக்கும். ஆனாலும் வானத்தில் வால்நட்சத்திரம் தோன்றினால் அரச குலத்தில் ஒருவர் இறப்பார் என்ற அச்சம் கதை முழுவதும் தொங்குகிறது. இறந்துபோனதாக நினைத்த பெண் நள்ளிரவில் வந்து நிற்பதைக் கண்டு சுந்தர சோழர் நடுங்குகிறார். வேலனாட்டக்காரன் தெய்வமேறிப் பலி கேட்கிறான். இவற்றையெல்லாம் சிறுவயதில் விளக்கு வெளிச்சத்தில் கேட்டவளுக்கு, இது எந்தத் தட்டில் இருக்க வேண்டிய நூல் என்ற கேள்வி அவ்வளவு முக்கியமாகத் தோன்றுவதில்லை.

மின்சாரமே இல்லாத காலத்தில் இவ்வளவு பெரிய நாவலை எப்படி வாசித்தீர்கள்?

நான் வாசிக்கவில்லை, முதலில் கேட்டேன். 1996ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வந்த எங்கள் பெரியம்மா குடும்பம், இரண்டு உடுப்புப் பைகளோடும் ஒரு தையல் இயந்திரத்தின் தலைப்பகுதியோடும் பொன்னியின் செல்வனின் நான்கு பாகங்களைக் கொண்டு வந்து சேர்த்தது. நான்காம் பாகமாகிய மணிமகுடம் மட்டும் வரவில்லை. படகில் நனைந்ததா, ஏறும் அவசரத்தில் கரையில் விடுபட்டதா என்று அவர்களுக்கே தெரியாது.

அந்நாட்களில் வன்னிக்குள் மண்ணெண்ணெய் அளந்தே வந்தது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை அடைத்து, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, மெல்லிய திரி ஒன்றை ஏற்றி வைத்தால் ஒரு முகத்துக்குப் போதுமான வெளிச்சம் வரும். அந்த ஒரு முகம் அப்பாவுடையது. அவர் வாசிப்பார், பெரியம்மா பிள்ளைகளையும் சேர்த்து ஒன்பது பேர் இருட்டில் பாயில் படுத்துக் கேட்போம். இரவுக்கு இரண்டு அத்தியாயம் என்பது சட்டம். கல்கி ஒவ்வொரு அத்தியாயத்தையும் யாராவது கத்துவதோடோ, ஒரு கதவு திறப்பதோடோ முடிப்பவர். மூன்றாவது அத்தியாயத்துக்காக நாங்கள் கெஞ்சியதும் அப்பா போத்தலைத் தூக்கி எண்ணெயின் அளவைப் பார்த்ததும் இன்றும் நினைவிலிருக்கின்றன.

மூன்றாம் பாகம் முடிந்த இரவில்தான் சிக்கல் வந்தது. ஐந்தாம் பாகத்துக்கு நேரே தாவ ஒருவருக்கும் மனம் வரவில்லை. அப்போது அப்பம்மா, தாம் இளவயதில் இதழில் தொடராக வந்தபோதே இதை வாசித்ததாகவும், நான்காம் பாகத்தைத் தாமே சொல்வதாகவும் அறிவித்தார். பதினொரு இரவுகள் அவர் சொன்னார். விளக்குக்கூடத் தேவைப்படவில்லை. கரிகாலன் கடம்பூர் மாளிகைக்கு வருவதும், வேட்டைக்குப் போவதும், ஏரிக்கரையில் நடப்பவையும் எனக்கு அப்பம்மாவின் குரலிலேயே கிடைத்தன. அவர் சொன்ன ஏரியில் ஒரு முதலை இருந்தது. கரிகாலன் நீரில் இறங்கியதும் அது மெல்ல மெல்ல அருகே வரும். நந்தினி அதைக் கண்டும் வாய் திறக்க மாட்டாள். கடைசிக் கணத்தில் ஏனோ கத்தி அவனை எச்சரிப்பாள். அந்த இரவு எங்களில் ஒருவரும் உறங்கவில்லை.

படத்தை எங்கே, எப்படிப் பார்த்தீர்கள்?

2022 ஒக்டோபரில் வவுனியாவில் பார்த்தேன். எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை நடைமுறையிலிருந்த காலம். மோட்டார் சைக்கிள் ஒன்றுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல். போகவும் வரவும் போதுமா என்று கணக்குப் பார்த்து, இரண்டு கிழமைப் பங்கில் மிச்சம் பிடித்து, கணவரும் மகளும் நானும் ஒரே சைக்கிளில் போனோம். அரங்கில் இடைவேளைக்குச் சற்று முன் மின்சாரம் நின்று, மின்பிறப்பாக்கி இயங்கத் தொடங்கும்வரை பதினைந்து நிமிடம் இருட்டில் இருந்தோம். பின்வரிசையில் ஒரு முதியவர் அந்த இடைவெளியில் தம் பேரனுக்கு அடுத்து நடக்கப்போவதைச் சொல்லிவிட்டார். சுற்றியிருந்தவர்கள் சினந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை.

தொடக்கக் காட்சியிலேயே நீங்கள் முகத்தைச் சுளித்ததாகச் சொல்கிறார்களே?

அது உண்மை. காரணத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும்.

நாவல் ஒரு குளக்கட்டில் தொடங்குகிறது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கு நாளில், வந்தியத்தேவன் வீர நாராயண ஏரியின் நீண்ட கரைமேல் தனியாகக் குதிரையில் வருகிறான். எழுபத்து நான்கு கணவாய்கள் வழியாகத் தண்ணீர் குமுறிப் பாய்கிறது, ஊர்ச்சனங்கள் கூட்டாஞ்சோறும் சித்திரான்னமும் கொண்டுவந்து கரையில் இருந்து உண்கிறார்கள், பெண்கள் பாடுகிறார்கள். இந்த ஏரியைச் சோழ இளவரசன் இராசாதித்தன் தன் படைவீரர்களைக் கொண்டு வெட்டினான் என்ற செய்தியும் அங்கேயே வருகிறது. போருக்காகக் காத்திருந்த வீரர்கள் கையைக் கட்டிக்கொண்டிராமல் ஒரு குளம் வெட்டினார்கள் என்பதைக் கேட்டபோது, பாலியாற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளத்துத் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்ற எங்கள் வீட்டார் எல்லோரும் "ம்" என்றார்கள். கணவாய் என்ற சொல்லை அப்பா, மதகுக்கு எங்கள் பக்கத்தில் சொல்லும் துருசு என்று மாற்றியே வாசித்தார். எழுபத்து நான்கு துருசு உள்ள குளம் எவ்வளவு பெரியது என்று பெரியப்பா இருட்டிலிருந்து கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்.

எனக்கோ வேறொரு சந்தேகம். ஆடியில் எப்படிக் குளம் நிறையும்? எங்கள் பக்கத்தில் ஆடி என்றால் சிறுபோக நெல் கடைசித் தண்ணீருக்கு ஏங்கும் மாதம். குளத்தின் நடுவில் பட்டமரங்களின் அடி தெரியும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரி மழையில்தான் எங்கள் குளங்கள் நிரம்பி வான் பாயும். இதற்கு விடை எனக்குப் பல்கலைக்கழகம் போன பிறகே கிடைத்தது. காவேரியின் தலை குடகு மலையில் இருக்கிறது. அங்கே தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடியில் மழையைக் கொட்டுகிறது. சோழநாட்டில் ஒரு துளி விழாவிட்டாலும் ஆற்றில் புதுவெள்ளம் இறங்கி வரும். வேறொருவர் மலையில் பெய்த மழைக்கு இங்கே விழா எடுக்கிறார்கள் என்று விளங்கியபோது, முதற்பாகத்துக்குப் புது வெள்ளம் என்று பெயர் வைத்ததன் அழகு எனக்கு இன்னொரு முறை திறந்தது.

படம் போர்க்களத்தில் தொடங்குகிறது. இராட்டிரகூடரோடு மோதல், தீ, வாள், குதிரைகள். வெளிவரும் ஆயிரம் படங்களில் எதற்கும் அதை முன்னால் ஒட்டலாம். பின்னர் "பொன்னி நதி" பாடலில் வந்தியத்தேவன் வயலும் நீரும் கடந்து வருகிறான். பாடல் துள்ளுகிறது, கண்ணுக்கும் குளிர்ச்சி. ஆனால் அந்தத் தண்ணீர் ஓர் ஓவியத்தின் பின்புலமாக நிற்கிறது. அதைக் கொண்டு யாரோ நெல் விளைவிக்கப் போகிறார்கள் என்ற உணர்ச்சி வருவதில்லை. இந்த ஒரு குறையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

படத்தில் வரும் இலங்கை எங்களுடைய இலங்கைபோல் இருக்கிறதா?

நாவலின் இரண்டாம் பாகம் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது என்பதைத் தமிழகத்து நண்பர்கள் ஒரு பயண வருணனையாக நினைவு வைத்திருப்பார்கள். எங்களுக்கு அது வீட்டு முகவரி. பூங்குழலி கோடிக்கரையிலிருந்து படகு வலித்து வந்தியத்தேவனை நாகத்தீவில் சேர்க்கிறாள். பின்னர் மாதோட்ட மாநகரம் என்றே ஓர் அத்தியாயம். சிறிது தள்ளிக் காட்டுப் பாதை என்றே இன்னோர் அத்தியாயம். மாதோட்டம் என்பது இன்றைய மன்னார்க் கரையில் திருக்கேதீச்சரம் நிற்கும் மாந்தை. அங்கிருந்து அநுராதபுரத்துக்கு உள்நாட்டு வழியாகப் போவதென்றால், எங்கள் ஆட்கள் அருவி ஆறு என்று சொல்லும் மல்வத்து ஓயாவின் போக்கை ஒட்டி வன்னிக் காட்டின் தென்மேற்கு ஓரத்தில் நடக்க வேண்டும். அப்பா அந்த அத்தியாயத்தை வாசித்தபோது பெரியப்பா இடையில் புகுந்து, இந்த இடத்தில் பாலையும் வீரையும் நிற்கும், ஆற்றங்கரையில் மருது நிற்கும் என்று கல்கி எழுதாததையெல்லாம் சேர்த்துக்கொண்டே போனார்.

படத்தின் இலங்கைக் காட்சிகளில் ஒரு பகுதி தாய்லாந்தில் எடுக்கப்பட்டது. படக்குழுவுக்கு அதற்கான வசதிகளும் காரணங்களும் இருந்திருக்கும். அதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என் கண்ணை ஏமாற்ற முடியவில்லை. திரையில் இருப்பது ஆண்டு முழுவதும் ஈரமாயிருக்கும் அடர்பச்சை. எங்கள் காடு அப்படி இருப்பதில்லை. அது உலர்காடு; மாசி கழிந்தால் நிலத்தில் சருகு நிறைந்து, ஓர் உடும்பு நடந்தாலும் ஆள் நடப்பதுபோல் கேட்கும். இரவில் இங்கே யானை வந்ததை யாரும் கண்ணால் முதலில் அறிவதில்லை. கொப்பு முறியும் சத்தத்தால் அறிகிறோம். பிறகுதான் யானை வெடி போடுவதா, பேசாமல் இருப்பதா என்ற ஆலோசனை. நாவலில் காட்டுப் பாதையில் நடக்கும்போது இந்த அச்சத்தில் கொஞ்சம் இருக்கிறது. ஒற்றர்கள், மறைந்திருந்து தாக்குகிறவர்கள், விலங்குகள் எல்லாவற்றுக்கும் காது கொடுத்தபடி நடக்கிறார்கள். படத்தில் காடு வெட்டவெளி அளவுக்கு வெளிச்சமாகவும் அவசரமாகவும் கடந்துபோகிறது.

கடற்காட்சிகளில் எனக்குக் குறையில்லை. புயலில் கப்பல் எரிவதும், சுந்தர சோழர் இறந்ததாக நினைத்த ஊமை ராணி நீருக்கடியில் நீந்தி வருவதோடு முதற்படம் முடிவதும், நாவலில் நான் கற்பனை செய்ததைவிடப் பெரிதாக இருந்தன. எங்களோடு வந்திருந்த முல்லைத்தீவுக் கடற்றொழிலாளி ஒருவர், படகை அந்தக் கோணத்தில் அலைக்குக் கொடுத்தால் கவிழ்ந்துவிடும் என்று மட்டும் சொன்னார்.

புத்த பிக்குகள் அருள்மொழிக்கு இலங்கைச் சிங்காதனத்தைக் கொடுக்க முன்வரும் காட்சி வரலாற்றில் நடந்ததா?

நாவலிலும் படத்திலும் அது உண்டு. இரண்டிலும் அவர் மறுத்துவிடுகிறார். அது கல்கியின் கற்பனை. வரலாற்றில் இதே இளவரசர் 985இல் இராசராசனாகப் பட்டமேறிய பின்னர் அவருடைய படை அநுராதபுரத்தை வீழ்த்தியது. பொலன்னறுவை சோழரின் ஆட்சிப் பீடமாகிச் சனநாதமங்கலம் என்று பெயர் பெற்றது. மாதோட்டம் இராசராசபுரம் ஆகி, அங்கே தாழி குமரன் என்ற அதிகாரி இராசராச ஈச்சரம் என்ற கோயிலைக் கட்டியதைக் கல்வெட்டுச் சொல்கிறது. கொடுக்க வந்த முடியை மறுத்த கைகளே பின்னர் எடுத்துக்கொண்டன என்று வகுப்பில் சொன்னால், பிள்ளைகள் முதலில் சிரித்து, பிறகு மௌனமாகிவிடுகிறார்கள்.

நாவலில் இருந்து படத்தில் வராமல் போனவற்றில் எதை அதிகம் தேடினீர்கள்?

எல்லாரும் மணிமேகலையைச் சொல்வார்கள். கடம்பூர்ச் சம்புவரையரின் மகள், கந்தமாறனின் தங்கை, வந்தியத்தேவனைத் தனக்குள்ளேயே நேசித்து அழிந்துபோகிறவள். படத்தில் அவள் இல்லவே இல்லை. அவளுக்காக நான் அழுதவள்தான். இருந்தாலும் ஐந்தரை மணித்தியாலத்தில் அவளுக்கு இடமில்லை என்ற வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

நான் தேடியது ஒரு கூத்தை. அநுராதபுரத்தை அணுகும் வழியில் சோழ வீரர்கள் ஏலேல சிங்கன் கூத்து ஆடுகிறார்கள். ஏலேல சிங்கன் என்ற தமிழ் மன்னன் எல்லாளனும் சிங்கள மன்னன் துட்டகைமுனுவும் பொருத கதை அது. தன்னால் கொல்லப்பட்ட எல்லாளனுக்குத் துட்டகைமுனு நினைவிடம் எழுப்பி வழிபாடு ஏற்படுத்தியதாகவும், அதனால் இலங்கை அரசர்கள் அதை அணுகும்போது வாத்திய ஓசையை நிறுத்துவதாகவும் இலங்கையின் பழைய வரலாற்று நூலாகிய மகாவம்சமே சொல்கிறது. பகைவன் நிலத்தில் பாசறை அமைத்திருக்கும் வீரர்கள், இரவில் தீயைச் சுற்றி இருந்து, பகைவன் காட்டிய மரியாதையைக் கூத்தாக ஆடுகிறார்கள் என்ற எண்ணம் ஒரு எழுத்தாளருக்கு எப்படித் தோன்றியது என்று நான் வியக்காத தடவை இல்லை. கோயில் முன்றலில் விடிய விடியக் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதன் சூடு தெரியும். படத்தில் ஆட்டங்களுக்குப் பஞ்சமில்லை. தேவராளன் ஆட்டம் மிரட்டுகிறது. இந்தக் கூத்துக்கு மட்டும் மூன்று நிமிடம் கிடைக்கவில்லை.

முடிவை மாற்றிவிட்டார்கள் என்று சண்டை போடுகிறீர்களாமே?

சண்டை இல்லை, வருத்தம். நாவலில் பூமாலை கட்டித் தேவாரம் பாடும் சேந்தன் அமுதன்தான், முந்திய சோழ அரசர் கண்டராதித்தரின் மனைவி செம்பியன் மாதேவியின் உண்மை மகன். இளவரசனாக வளர்ந்த மதுராந்தகன் வேறொருத்தியின் பிள்ளை. கடைசியில் அருள்மொழி தமக்கு வரவிருந்த முடியை எடுத்துச் சேந்தன் அமுதன் தலையில் வைக்கிறார். ஐந்து பாகமும் அந்த ஒரு கையசைவுக்காகத்தான் காத்திருக்கின்றன. படம் இந்த ஆள்மாற்றத்தை விட்டுவிட்டு, மதுராந்தகனுக்கே முடி சூட்டுகிறது. அதற்குமுன் பெரிய போர் ஒன்றும் வருகிறது. செம்பியன் மாதேவியின் மகன் உத்தம சோழன் என்ற பெயரில் பட்டமேறினான் என்ற வரலாற்றுக்கு இரண்டும் பொருந்துகின்றன. முடியைக் கேட்டு அலைந்தவனுக்கு விட்டுக்கொடுப்பதும், கனவிலும் கேளாதவன் தலையில் கொண்டுபோய் வைப்பதும் ஒன்றல்ல. நாவலில் சபை திகைக்கிறது. படத்தில் சபை நிம்மதியடைகிறது.

நடிகர்கள் பொருந்துகிறார்களா?

கார்த்தி பொருந்துகிறார், வந்தியத்தேவனின் வாய்த்துடுக்கு அவரிடம் இருக்கிறது. வைணவ ஒற்றனாகிய ஜெயராமின் ஆழ்வார்க்கடியான் சிரிக்க வைக்கிறான், ஆனால் சைவர்களோடு அவன் மல்லுக்கட்டும் வாதங்கள் குறைந்துவிட்டதால் அவன் அறிவு தெரியவில்லை. சரத்குமாரின் பெரிய பழுவேட்டரையர், அறுபத்து நான்கு விழுப்புண் பட்டவர் என்றால் நம்பத்தக்கவர். பூங்குழலிக்குக் கிடைத்த நேரம் போதாது.

படம் நாவலை விஞ்சிய இடம் ஒன்றாவது உண்டா?

உண்டு. இதைச் சொன்னால் என்னைப்போன்ற பழைய வாசகர்கள் கோபிக்கிறார்கள். கரிகாலனும் நந்தினியும் கடம்பூரில் நேருக்கு நேர் நிற்கும் காட்சி படத்தில் நாவலைவிட வலிமையாக இருக்கிறது.

கல்கி தொடர்கதை எழுதியவர். ஒவ்வொரு கிழமையும் வாசகரைக் கட்டி நிறுத்த வேண்டியவர். அதனால் நந்தினி பல இடங்களில் பலரிடம் தன் கதையைப் பல விதமாகச் சொல்கிறாள். சந்தேகத்தின் சுவை அதில் இருக்கிறது; துயரம் கலைந்துபோகிறது. கரிகாலன் இறக்கும் கணத்திலும் இருளும் குரல்களும் கூடி, யார் கொன்றது என்ற புதிரே முன்னுக்கு வருகிறது. இரண்டாம் படம் அவர்களின் இளவயதுக் காதலிலேயே தொடங்குகிறது. சொற்கள் மிகக் குறைவு. பிறகு கடம்பூரில், விக்ரமின் கரிகாலன் சாவதற்கென்றே அந்த அறைக்குள் வருகிறான் என்பது அவன் நடக்கும் விதத்திலேயே தெரிகிறது. எனக்கு முன்வரிசையில் இருந்த பையன்கள் அதுவரை கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தவர்கள். அந்தக் காட்சியில் ஒரு திரையும் ஒளிரவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக நந்தினியை நான் வஞ்சகி என்று எண்ணியிருந்தேன். அன்று வீடு திரும்பும் வழியில் அந்தக் கருத்து என்னிடம் இல்லை.

இந்திய தேசிய விருதுகளில் முதற்படத்துக்குச் சிறந்த தமிழ்ப்படம், ஒளிப்பதிவு, பின்னணி இசை, ஒலி வடிவமைப்பு என்று நான்கு கிடைத்தன. ரவிவர்மனின் ஒளிப்பதிவுக்கும் ரஹ்மானின் பின்னணி இசைக்கும் கிடைத்தவை நியாயமானவை என்பது என் எண்ணம்.

அருள்மொழியா, அருண்மொழியா?

கல்கி அருள்மொழிவர்மன் என்று எழுதினார். படத்தில் அருண்மொழி என்கிறார்கள். அருள் என்பதன் ளகரம் மொழியின் மகரத்துக்கு முன் ணகரமாவது இலக்கணத்துக்கு உட்பட்டதே. காது பழகச் சற்று நேரம் எடுத்தது, அவ்வளவுதான்.

புலிக்கொடி திரையில் எழுந்தபோது அரங்கில் என்ன நடந்தது?

பலத்த சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்துக்குள் சோழர் பெருமையும் இருந்தது, நடிகர் விசுவாசமும் இருந்தது, வேறு பலவும் இருந்தன. வன்னியில் வாழ்ந்தவருக்கு அவற்றைப் பிரித்துச் சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகளுக்கு முதலில் நாவலைக் கொடுப்பதா, படத்தைக் காட்டுவதா?

படத்தை முதலில் பார்த்தவர்கள் நாவலில் பெயர்க் குழப்பம் இல்லாமல் நுழைகிறார்கள். இது எனக்கு வகுப்பில் தெரிந்த அனுபவம். ஆனால் அவர்களுக்குக் குந்தவையின் முகம் திரிஷாவின் முகமாகவே நின்றுவிடுகிறது. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் இரண்டும் வேண்டாம். இரவுக்கு இரண்டு அத்தியாயம் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். கல்கியின் நடை காதுக்காக எழுதப்பட்டது. வாய்விட்டு வாசிக்கும்போது மூச்சு முட்டாத நீண்ட வாக்கியங்களை எழுதத் தெரிந்தவர் அவர்.

நாவலை இப்படி மாற்றலாமா என்று கேட்டால் உங்கள் இறுதிப் பதில் என்ன?

2009இல் அந்த நான்கு பாகங்களும் எங்களிடமிருந்து போயின. அப்பம்மா அதற்கு முன்பே போய்விட்டார். மீளக் குடியமர்ந்த பின்னர், 2011இல் ஒரு பொது நூலகத்தில் மணிமகுடத்தை முதன்முதலாகக் கையில் எடுத்தேன். நின்றபடியே ஏரிக்கரை அத்தியாயங்களைத் தேடினேன். முதலை இல்லை. முன்னும் பின்னும் புரட்டினேன். முதலாம் பாகத்தில் வந்தியத்தேவன் வேலெறியும் முதலை ஒன்று வரும், அதுவும் பஞ்சடைத்த வெறும் பொம்மை. கரிகாலனை நோக்கி வந்த முதலையை அப்பம்மா எங்கள் குளத்திலிருந்தே பிடித்துக் கதைக்குள் விட்டிருக்கிறார். அன்று நூலகத்தில் எனக்கு ஏமாற்றம் கல்கியின் மீதுதான் வந்தது.

ஆகவே இந்தக் கேள்வியில் நீதிபதியாக இருக்க எனக்குத் தகுதி குறைவு. என் மகளுக்குக் கதை சொன்னபோது நான் முதலையை விடவில்லை. 2023இல் இரண்டாம் படம் முடிந்து விளக்குகள் எரிந்தபோது அவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, முதலையை ஏன் வெட்டிப்போட்டினம்?"